வேலி ஸ்பெயினுடையது, சாவி மொராக்கோவிடம்: சியூட்டா, மெலில்லா எல்லையில் பதின்மூன்று மாதங்கள்

வட ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வைத்திருக்கும் சியூட்டா நகரின் தெற்கு ஓரத்தில் தராஹால் என்றொரு கடற்கரை இருக்கிறது. அங்கே எல்லை வேலி மணலோடு நின்றுவிடுவதில்லை. கல்லைக் கொட்டிக் கட்டிய அலைத்தடுப்பின் மேல் ஏறி, கொஞ்ச தூரம் கடலுக்குள் போய் முடிகிறது. அந்தக் கல்முனைக்கு ஒரு பக்கம் மொராக்கோ, மறுபக்கம் ஸ்பெயின், அதாவது ஐரோப்பிய ஒன்றியம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்து இடுப்பளவு நீரில் முனையைச் சுற்றி வந்தால் ஐரோப்பாவுக்குள் வந்தாயிற்று. காலடியில் கிடப்பது என்னவோ ஆப்பிரிக்க மண்தான்.

2021 மே 17 விடிவதற்கு முன்பே அந்த முனையைச் சுற்றி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் சில பத்துப் பேர், அப்புறம் நூற்றுக்கணக்கில், மாலைக்குள் ஆயிரக்கணக்கில். பிளாஸ்டிக் மிதவையோடு சிலர், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சிலர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே சிலர். மொராக்கோ பக்கத்துக் காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றரை நாளில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 1,500 பேருக்குக் குறையாமல் சிறுவர்கள். பிரபலமான கால்பந்து வீரர் ஒருவர் சியூட்டாவில் ஆட வருகிறார் என்று சொல்லித் தங்களை அனுப்பினார்கள் என்று பிள்ளைகள் சிலர் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. நீந்தியவர்களில் இருவர் இறந்தார்கள். ஸ்பெயின் ராணுவத்தை இறக்கியது. 18.5 சதுர கிலோமீட்டர் பரப்பும் 85,000 பேர் அளவுக்கு மக்கள்தொகையும் கொண்ட ஊருக்குள், ஊரில் பத்தில் ஒரு பங்கு ஆட்கள் இரண்டு நாளில் புதிதாக வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதின்மூன்று மாதம் கழித்து, 2022 ஜூன் 24 அன்று, அதே மொராக்கோ கரையில் கிழக்கே இருக்கும் இன்னொரு ஸ்பானிய நகரான மெலில்லாவின் வேலியில் 1,700 பேர் அளவில் மோதினார்கள். அன்று மொராக்கோ காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மொராக்கோ அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 23 பேர் செத்தார்கள்.

எல்லை அதுவே, இரு நாடுகளும் அவையே, வேலியும் அதேதான். இடையில் மாறியது என்ன? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

பீரங்கி குண்டு விழுந்த இடம்

ஆப்பிரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தரைவழியாகத் தொட்டுக்கொள்வது இந்த இரண்டு ஊர்களில்தான். (வெலெஸ் பாறை என்று இன்னொன்றும் உண்டு. 1930-களில் மணல் சேர்ந்து தீவு கரையோடு ஒட்டிக்கொண்டதால் பிறந்த 85 மீட்டர் எல்லை அது. சிறு ராணுவக் காவல் தவிர அங்கே யாரும் வசிப்பதில்லை. அதை விட்டுவிடலாம்.) ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான் இருக்கும். வெயில் தெளிந்த நாளில் இக்கரையில் நின்றால் அக்கரை மலை தெரியும். அந்தக் கடலைத் தாண்டாமலே ஐரோப்பிய எல்லையைத் தொட முடிகிற இடங்கள் என்பதுதான் இவற்றின் தனித்தன்மை.

சியூட்டாவை 1415-ல் பிடித்தது போர்ச்சுகல். ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே முடியின் கீழ் இருந்து பிறகு பிரிந்தபோது நகரம் ஸ்பெயினோடு தங்கிவிட்டது. 1668 ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது. மெலில்லா 1497 முதல் ஸ்பெயின் கையில். 1956-ல் மொராக்கோ விடுதலை பெற்றபோது அதன் வடக்கில் தான் ஆண்டுவந்த காப்பாட்சிப் பகுதியை ஸ்பெயின் கொடுத்தது, இந்த இரண்டையும் கொடுக்கவில்லை. மொராக்கோவுக்கு இவை ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்கள். ஸ்பெயினுக்கோ மொராக்கோ என்ற இன்றைய அரசு பிறப்பதற்கு முன்பே தன்னுடையவை. இதே ஸ்பெயின் நீரிணையின் மறுபக்கம் ஜிப்ரால்டரைப் பிரிட்டனிடம் திருப்பிக் கேட்கும்போது மொராக்கோ பேசுகிற மொழியில்தான் பேசுகிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெலில்லாவின் எல்லை வரையப்பட்ட விதம் கேட்டால் கதை போல இருக்கும். கோட்டையிலிருந்து ஒரு 24 பவுண்டு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் ஊரின் எல்லை என்று 1859-ல் தெதுவான் நகரில் ஒப்பந்தம் ஆனது. 1862-ல் ‘எல் கமினாந்தே’, அதாவது ‘நடையாளி’ என்ற பீரங்கியால் சுட்டு அளந்தார்கள். குண்டு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விழுந்தது. அதை ஆரமாக வைத்து வரைந்த அரைவட்டம்தான் இன்றைய மெலில்லா, 12 சதுர கிலோமீட்டர் சொச்சம். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் தத்துவங்கள் அத்தனையும் தாங்கி நிற்கும் 12 கிலோமீட்டர் வேலி, நூற்றறுபது ஆண்டுக்கு முன் ஒரு பீரங்கியின் திறனுக்கு ஏற்ப வளைந்து போகிறது.

1990-கள் வரை அங்கே வேலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஸ்பெயின் 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் 1991-ல் கையெழுத்திட்டது, அதே ஆண்டு மொராக்கோக்காரர்களுக்கு விசா கட்டாயம் ஆனது. ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள்: பக்கத்து மாகாணங்களான தெதுவான், நாடோர் ஆட்கள் விசா இல்லாமல் ஊருக்குள் வந்துபோகலாம். அதற்கு ஈடாக சியூட்டாவிலிருந்து ஸ்பெயினின் அக்கரைத் துறைமுகமான அல்ஹெசிராஸ் போகும் கப்பலில் ஏறுமிடத்தில் பாஸ்போர்ட் சோதனை தொடரும். ஆக இந்த ஊர்களுக்கு முன்னால் ஓர் எல்லை, முதுகுக்குப் பின்னால் இன்னோர் எல்லை. ஐரோப்பாவின் வாசலில் போட்ட திண்ணை மாதிரி. உட்கார விடுவார்கள், வீட்டுக்குள் விடமாட்டார்கள். சுங்க ஒன்றியத்திலும் இவை சேரவில்லை. நேட்டோ ஒப்பந்தத்தின் பாதுகாப்பு வரையறைக்குள்ளும் இவை தெளிவாக வருவதில்லை.

மூட்டை சுமந்த பெண்கள்

மெலில்லாவில் பர்ரியோ சீனோ என்றொரு வாசல். சுழல்கதவு வைத்த ஒடுக்கமான கூண்டுவழி. 2020 வரை அந்தக் கூண்டுக்குள் தினமும் காலையில் ஆயிரக்கணக்கான மொராக்கோப் பெண்கள் முதுகில் மூட்டையோடு நுழைந்து வெளியேறினார்கள். மூட்டை என்றால் கைப்பை அளவு இல்லை: பழைய துணி, போர்வை, டயர், டயப்பர், சோப்பு, எல்லாம் சுற்றிக் கட்டி ஒட்டுநாடா போட்டது. 60 கிலோ, 80 கிலோ வரை போகும். முதுகு வளைந்து, முகம் தரையைப் பார்த்து, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துத்தான் நடக்க முடியும்.

ஏன் முதுகில்? உடம்பில் சுமந்து வந்தால் அது பயணச் சுமை, இறக்குமதி வரி கிடையாது. வண்டியில் ஏற்றினால் சரக்கு, வரி உண்டு. அந்த வித்தியாசத்தில்தான் வணிகம் நடந்தது. நம்மூர்க் ‘குருவி’கள் போல என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் குருவிக்கு விமான டிக்கெட் உண்டு, இவர்களுக்கு நாளுக்குச் சில யூரோ கூலியும் கூட்டத்தில் மிதிபடும் ஆபத்தும்தான். 2017, 2018-ல் சியூட்டா வாசலில் நெரிசலில் சிக்கிப் பெண்கள் இறந்தார்கள். இரு நகரங்களின் மொத்தக் கடைகளும் (மெலில்லாவிலும் சியூட்டாவிலும் பல தலைமுறையாக இருக்கும் சிந்தி வணிகர்கள் உட்பட) இந்த முதுகுகளை நம்பித்தான் இருந்தன. ஸ்பெயின் அதிகாரிகள் இதற்கு ‘வழக்கத்துக்கு மாறான வணிகம்’ என்று நாசூக்காகப் பெயர் வைத்திருந்தார்கள்.

எல்லைக் கட்டுப்பாடு பற்றிய கட்டுரைகளில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே வருவார்கள். என் பார்வையில் கதையே இங்கேதான் ஆரம்பம். 2018 ஆகஸ்டில் மொராக்கோ யாரிடமும் கலக்காமல் மெலில்லாவின் வணிகச் சுங்கச்சாவடியை மூடியது. 2019 அக்டோபரில் சியூட்டாவின் மூட்டை வணிகத்தை நிறுத்தியது. தன் பக்கத்தில் நாடோர் துறைமுகத்தையும் தாஞ்சியர் துறைமுகத்தையும் வளர்க்கிற அரசுக்குக் கள்ளச்சரக்கு வழியாக வரி போவது பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். இந்த ஊர்களின் கழுத்து நம் கையில் இருக்கிறது என்று காட்டுவது மற்றொன்று. 2020 மார்ச்சில் கொரோனா வந்து வாசலே அடைபட்டது. சியூட்டாவை ஒட்டிய ஃபினிதெக் என்ற சிறு நகரம் அதில் பட்டினி கிடந்தது. 2021 பிப்ரவரியில் அந்த ஊர் மக்கள் வேலை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள்.

அதனால், மூன்று மாதம் கழித்து மே மாதத்தில் அவர்கள் கடலில் இறங்கியதைச் சிலர் ‘படையெடுப்பு’ என்று எழுதியது சிரிப்புக்கு இடமானது. அவர்களில் பெரும்பாலானவர்கள் பக்கத்து ஊர் இளைஞர்கள். சிலருடைய அம்மா அதே வாசலில் மூட்டை தூக்கியவராக இருந்திருக்கலாம். தூரத்து நாட்டிலிருந்து பாலைவனம் கடந்து வந்தவர்கள் அல்லர்.

ஒரு நோயாளியும் ஒரு பாலைவனமும்

ஆனால் பசி மட்டும் கதவைத் திறக்காது. அன்று யார் திறந்தார்கள்?

2021 ஏப்ரலில் போலிசாரியோ இயக்கத் தலைவர் பிராஹிம் காலி கொரோனாவோடு ஸ்பெயினின் லோக்ரோன்யோ நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார், வேறொரு பெயரில், அல்ஜீரியப் பாஸ்போர்ட்டில். போலிசாரியோ என்பது மேற்கு சஹாராவின் விடுதலை கேட்டு மொராக்கோவோடு மோதும் இயக்கம். மேற்கு சஹாரா ஸ்பெயின் 1975, 76-ல் விட்டுப் போன குடியேற்றம். அன்றைக்கும் ஒரு கூட்டம்தான் எல்லை தாண்டியது: 1975 நவம்பரில் மன்னர் இரண்டாம் ஹசன் அழைப்பில் மூன்றரை லட்சம் மொராக்கோ மக்கள் குரானும் கொடியும் ஏந்தி, ஆயுதம் இல்லாமல், சஹாரா எல்லைக்கு நடந்தார்கள். ‘பசுமை நடை’ என்று அதற்குப் பெயர். நிராயுதபாணிக் கூட்டத்தின் மேல் ஸ்பெயின் சுடாது என்ற கணக்கு பலித்தது. நாற்பத்தாறு ஆண்டு கழித்து தராஹால் கடற்கரையைப் பார்த்த மூத்த ஸ்பானியர்களுக்கு அந்த நினைவு வந்திருக்காமல் இருக்காது.

2020 டிசம்பரில் டிரம்ப் அரசு மேற்கு சஹாராவின் மேல் மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றிருந்தது. ஐரோப்பாவும் அதே வழிக்கு வர வேண்டும் என்பது மொராக்கோ தலைநகர் ரபாத்தின் எதிர்பார்ப்பு. வருவதற்குப் பதில் ஸ்பெயின் எதிரியின் தலைவருக்குக் கள்ளப் பெயரில் சிகிச்சை தருகிறது. கோபம் ஒரு மாதம் கொதித்தது. பிறகு ஃபினிதெக் பக்கம் காவலர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

இது முதல்முறை அல்ல. 2014 ஆகஸ்ட் 7 அன்று சியூட்டா கடற்பகுதியில் ஸ்பெயின் காவல் படையினர் ஓர் உல்லாசப் படகை நிறுத்திச் சோதித்தார்கள். அதில் இருந்தவர் மன்னர் ஆறாம் முகமது. அடுத்த சில நாட்களில், 11, 12 தேதிகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறு படகுகளில் தென் ஸ்பெயினின் தாரிஃபா கரைக்கு வந்து சேர்ந்தார்கள். தொடர்பு உண்டென்று எந்த அரசும் சொல்லவில்லை, ஸ்பானியப் பத்திரிகைகள் சொன்னன. நான் நம்புகிறேன்.

2021 மே 18 அன்று சியூட்டாவில் ராணுவ வண்டிகள் நிற்கும்போதே மாட்ரிட்டில் அமைச்சரவை கூடி ஒரு தொகையை ஒதுக்கியது: எல்லைக் காவலுக்காக மொராக்கோவுக்கு 3 கோடி யூரோ. முன்பே ஏற்பாடான உதவி அது என்றார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு நாளில் இந்த எல்லையின் இயக்கம் முழுவதும் தெரிந்துவிட்டது. ஆறு மீட்டர் வேலி, பத்து மீட்டர் கம்பித் தடுப்பு, கண்காணிப்புக் கேமரா, எல்லாம் சரி. அவை பக்கத்து நாட்டுக் காவலர் சம்பளம் வாங்கி ஒழுங்காக நிற்கும் வரைக்கும்தான் வேலி. அவர் ஓரமாக நகர்ந்தால் வெறும் கம்பி.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சில நாட்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிறுவர்கள் சிலரை ஆகஸ்டில் அனுப்பியது சட்டவிரோதம் என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஜூன் 10 அன்று, மொராக்கோ குழந்தைகளைப் பயன்படுத்தியதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஜூலையில் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர் அரன்சா கொன்சாலெஸ் லாயா பதவி இழந்தார். மொராக்கோவில் யாரும் பதவி இழக்கவில்லை.

வேலிக்குள் கால் வைத்தால் ஸ்பெயினா?

கொஞ்சம் சட்டம். எல்லையை மேலாள்வதில் பாதி, எல்லை எங்கே இருக்கிறது என்று தீர்மானிப்பதுதான்.

மெலில்லாவில் மூன்று அடுக்கு வேலி. முதல் வேலியில் ஏறினாலே நிற்பது ஸ்பெயின் மண்ணில். அங்கே பிடிபட்டவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் வைத்து, புகலிடம் கேட்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். நடைமுறையில் வேலியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஸ்பானிய மொழியில் இதற்கு வந்த பெயரைத் தமிழில் தேட வேண்டியதே இல்லை: சூட்டோடு சூடாகத் திருப்பி அனுப்புவது.

இதை நியாயப்படுத்த ‘செயல்முறை எல்லை’ என்றொரு வாதம் வந்தது. காவலர் வரிசையைத் தாண்டினால்தான் நாட்டுக்குள் வந்ததாகக் கணக்கு, வேலியின் மேல் தொங்குகிறவர் இன்னும் வரவில்லை. 2014 பிப்ரவரி 6 அன்று தராஹாலில் நீந்தி வந்தவர்கள் பக்கமாக ஸ்பெயின் காவல் படையினர் ரப்பர் குண்டும் புகைக்குண்டும் சுட்டு, 15 பேர் அளவில் மூழ்கிச் செத்தார்களே, அப்போது இந்த வாதம் மேடைக்கு வந்தது. மணலில் நின்ற காவலர் வரிசைதான் எல்லை என்றார்கள். நிலத்தை அளந்து பீரங்கி சுட்டவர்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ! 2015-ல் நடைமுறைக்கே சட்ட வடிவம் கொடுத்து, ‘எல்லையில் நிராகரிப்பு’ என்று பெயரிட்டுவிட்டார்கள்.

அதே 2014-ல், ஆகஸ்ட் 13 அன்று, மெலில்லா வேலியில் ஏறித் திருப்பி அனுப்பப்பட்ட மாலி நாட்டவர் ஒருவரும் ஐவரி கோஸ்ட் நாட்டவர் ஒருவரும் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017-ல் வென்றார்கள். 2020 பிப்ரவரி 13 அன்று அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை மாற்றியது. எல்லை வாதத்தை அமர்வு ஏற்கவில்லை, வேலியும் ஸ்பெயினின் அதிகாரத்துக்குள்தான் என்றது. ஆனால் முறையான வாசல் இருக்கும்போது கூட்டமாக, பலவந்தமாக ஏறியது அவர்கள் குற்றம், அதனால் தனித்தனி விசாரணை கிடைக்காததற்கு அரசைக் குறை சொல்ல முடியாது என்றது.

முறையான வாசல் என்றது முக்கியமாக, புகலிடம் கேட்கலாம் என்று ஸ்பெயின் சொன்ன மெலில்லாவின் பெனி என்சார் எல்லைச் சாவடியை. கறுப்பு நிறத்தவர் அந்தச் சாவடி வரை நடந்து போக மொராக்கோ காவலர்கள் விடுவதில்லை என்று மெலில்லாவில் வேலை செய்யும் அமைப்புகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தன. சிரியர்கள் போனார்கள், தெற்கு சஹாராவினர் போக முடியவில்லை. வாசல் திறந்திருக்கிறது என்று ஸ்பெயின் சொல்லும், வாசலுக்குப் போகிற வழி மொராக்கோவிடம். சாவி அங்கே என்று தலைப்பில் எழுதியது இதற்காகவும்தான்.

மார்ச் கடிதமும் ஜூன் காலையும்

2022 மார்ச் 2 அன்று மெலில்லா வேலியில் ஏறத்தாழ 2,500 பேர் ஏற முயன்றார்கள். அதுவரை கண்டதில் மிகப் பெரிய கூட்டம். மறுநாள் 1,200 பேர். இரண்டு நாளில் 800 பேருக்கு மேல் உள்ளே வந்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் 18 அன்று, மொராக்கோ அரண்மனை ஓர் அறிக்கை விட்டது. ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், மேற்கு சஹாராவுக்குத் தன்னாட்சி என்ற மொராக்கோவின் 2007 திட்டத்தை ஆதரிக்கிறார் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டு நடுநிலை அத்தோடு முடிந்தது. தங்கள் நாட்டின் கொள்கை மாறியதை ஸ்பானியர்கள் ரபாத்தின் அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். கூட்டணிக் கட்சிக்கே முன்னறிவிப்பு இல்லை. போலிசாரியோவை ஆதரிக்கும் அல்ஜீரியா ஸ்பெயினில் இருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்தது, ஜூனில் நட்புறவு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. சான்செஸ் ஏப்ரல் 7 அன்று ரபாத் போனார். மே 17 அன்று, இரண்டு ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த தரை எல்லை திறந்தது. ஆனால் தெதுவான், நாடோர் ஆட்களின் விசா விலக்கு திரும்பவில்லை. முதலில் ஷெங்கன் விசா வைத்திருந்தவர்கள், பிறகு முறையான பணி அனுமதி வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான். பர்ரியோ சீனோ திறக்கப்படவில்லை.

மெலில்லாவுக்கு மேலே குருகு மலை. அதன் காட்டில்தான் வேலி தாண்டக் காத்திருப்பவர்கள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 2022 வசந்தத்தில் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் சூடான் நாட்டவர், டார்ஃபூர் போரில் ஓடியவர்கள் பலர். லிபியா, அல்ஜீரியா வழியாக வந்தவர்கள். கடல் கடத்தல்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால்தான் வேலிக்கு வந்தார்கள். ஜூன் மாதத்தில் மொராக்கோ படையினர் காட்டுக்குள் தொடர்ந்து சோதனை போட்டார்கள். கூடாரங்கள் கலைக்கப்பட்டன. மலையை விட்டு இறங்குவதைத் தவிர வழியில்லாமல் போனது.

24-ம் தேதி காலை அவர்கள் வந்து சேர்ந்தது பர்ரியோ சீனோவுக்கு. மூடிய வாசல். மூட்டைப் பெண்களுக்காகக் கட்டிய அதே கூண்டுவழி, அதே சுழல்கதவுகள், சுற்றிச் சுவர் எழுப்பிய ஒரு முற்றம். ஒரு கதவை உடைத்து நுழைந்தார்கள். பின்னால் மொராக்கோ காவலர்கள், முன்னால் ஸ்பெயின் பக்கக் கதவுகள், தலைக்கு மேல் கண்ணீர்ப்புகை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அன்று வெளியான காட்சிகளில், உயிரோடு இருப்பவரும் இல்லாதவரும் கலந்து அந்தத் தரையில் வெயிலில் கிடக்க, நடுவே காவலர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். மணிக்கணக்கில் மருத்துவ உதவி வரவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

133 பேர் உள்ளே வந்து சேர்ந்தார்கள். 470 பேர் திருப்பித் தள்ளப்பட்டார்கள் என்றும், அதற்குச் சட்டத்தில் சொன்ன முறை பின்பற்றப்படவில்லை என்றும் ஸ்பெயினின் மக்கள் குறைகேள் அதிகாரி அலுவலகம் பிறகு கண்டது. செத்தவர்கள் 23 என்றது மொராக்கோ. குறைந்தது 37 என்றார்கள் ஐநா நிபுணர்கள். காணாமல் போனவர்கள் 77 பேர் என்று மொராக்கோ மனித உரிமைச் சங்கம் கணக்கெடுத்தது.

சான்செஸ் உடனே மொராக்கோ காவலர்களைப் பாராட்டினார், நிலைமை நன்றாகக் கையாளப்பட்டது என்ற பொருளில் பேசினார். படங்களைப் பார்க்காமல் பேசிவிட்டேன் என்று சில நாளில் விளக்க வேண்டியிருந்தது. மரணங்கள் ஸ்பெயின் மண்ணில் நிகழவில்லை என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சாதித்தார். பத்திரிகையாளர்கள் காணொளிகளை அடுக்கி வைத்து மறுத்தார்கள். மறுபடியும் அதே கேள்வி: அந்த முற்றம் யாருடைய நிலம்? உயிர் போகும்போதுகூட எல்லை எங்கே என்பதுதான் வாதம். டிசம்பரில் ஸ்பெயின் அரசு வழக்குத்துறை, குற்றம் எதுவும் காணவில்லை என்று விசாரணையை முடித்தது. மொராக்கோ நீதிமன்றங்கள் பல பேரைச் சிறைக்கு அனுப்பின. சிறை போனவர்கள் அனைவரும் வேலி ஏற வந்தவர்களே.

மார்ச்சில் 800 பேர் உள்ளே வந்தார்கள், ஜூனில் உடல்கள் வெளியே கிடந்தன. இடையில் ஒரு கடிதம். கடிதம்தான் கொன்றது என்று எழுத மாட்டேன், அப்படிச் சொல்ல ஆவணம் இல்லை. ஜூனில் வந்தவர்கள் அதிக நெருக்கடியில் இருந்தார்கள், வாசலின் அமைப்பே பொறியாக இருந்தது, இவையும் காரணம். ஆனால் 2021 மேயில் கைகட்டி நின்ற அதே சீருடைக்கு 2022 ஜூனில் அவ்வளவு முனைப்பு வந்தது எப்படி என்ற கேள்விக்கு, ‘உறவு சீரானது’ என்பதைத் தவிர வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை. உறவு கெட்டால் 8,000 பேர், உறவு சீரானால் 23 பிணம். இரண்டுக்கும் ஸ்பெயின் பணம் கொடுத்தது.

மொராக்கோவை வெறும் மிரட்டல்காரராக வரைவதும் சரியில்லை. தன் எல்லையில் இல்லாத ஒரு கண்டத்தின் அச்சத்தைத் தன் காவலர்களை வைத்துக் காக்கச் சொன்னால், எந்த அரசும் கூலி கேட்கும், கூலியை ஏற்றிக்கொண்டும் போகும். மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குள் வந்த பிற நாட்டவரை மொராக்கோ திரும்ப ஏற்கும் ஒப்பந்தத்தை 1992-லேயே போட்டார்கள். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் 14 கோடி யூரோ அறிவித்தது. ஒப்பந்தம் போடும்போது விலை மட்டும் பேசினார்கள். விற்பவர் கடையை மூடினால் என்ன செய்வது என்று பேசவில்லை.

பலூனின் மறுபக்கம்

பலூனை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைப்பது போல, வேலியை இறுக்கினால் பாதை நகரும். 2005 இலையுதிர் காலத்தில் சியூட்டா, மெலில்லா வேலிகளில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்து, வேலியை மூன்று மீட்டரிலிருந்து ஆறுக்கு உயர்த்தினார்கள். மறு ஆண்டே, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் 31,678 பேர் மரப்படகுகளில் வந்து இறங்கினார்கள். 2022-க்குப் பிறகும் அதேதான். 2023-ல் கானரிக்கு 39,910 பேர். 2024-ல் 46,843 பேர். மொரிட்டானியாவிலிருந்தும் செனகலிலிருந்தும் புறப்பட்டு அட்லாண்டிக்கில் பல நாள் பயணம். திசை தவறினால் அடுத்த நிலம் பிரேசில். ஏறத்தாழ 11,000 பேர் வாழும் எல் இயெர்ரோ என்ற சின்னக் கானரித் தீவில் அந்த ஒரே ஆண்டில் அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆட்கள் கரையேறினார்கள்.

சியூட்டாவில் இப்போது நீச்சல்தான் பேச்சு. மூடுபனி இறங்கும் இரவுகளில் தராஹால் முனையைச் சுற்றி வருகிறார்கள், பலர் சிறுவர்கள். 2024 செப்டம்பர் 15 அன்று சமூக ஊடக அழைப்பைப் பார்த்து ஃபினிதெக்கில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அன்று மொராக்கோ காவலர்கள் தடுத்தார்கள். உறவு நன்றாக இருக்கிறதல்லவா.

2025 தொடக்கத்தில் மெலில்லாவின் வணிகச் சுங்கச்சாவடி ஏறத்தாழ ஆறரை ஆண்டுக்குப் பிறகும், சியூட்டாவில் முதன்முறையாகவும் திறந்தது. வண்டியில் சரக்கு போகலாம், அளவோடு. முதுகில் சுமக்கும் காலம் திரும்பவில்லை, அந்தப் பெண்களுக்கு வேறு வேலையும் வந்ததாகத் தெரியவில்லை.

2024 பிப்ரவரி 8 அன்று சான்செஸும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையனும் சேர்ந்து ஒரு பயணம் போனார்கள். ரபாத்துக்கு அல்ல, நுவாக்சோத்துக்கு, மொரிட்டானியாவின் தலைநகருக்கு. எல்லைக் காவலும் அதைச் சார்ந்தவையுமாக 21 கோடி யூரோவுக்குப் பேச்சு முடிந்தது.